கட்டில் இல்லாத சீட்டு

ஜூன், ஜூலை வந்துவிட்டால் காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் கூரத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சீட்டு கிடைச்சிடுச்சில்ல, அப்புறம் என்ன? தங்கறதுக்கு ஒரு இடமா கிடைக்காது?" பையன் டெல்லிக்குப் போகட்டும், ஹைதராபாத்துக்குப் போகட்டும், கூப்பிடு தூரத்துச் சென்னைக்கே போகட்டும், சீட்டுதான் பெரிய விஷயம், படுக்கை சில்லறை விஷயம் என்பது ஊர் அபிப்பிராயம். ஊர்க்காரர்கள் மட்டும் இப்படி நினைத்தால் விட்டுவிடலாம். பல்கலைக்கழகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. சேர்க்கைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கும்: சேர்க்கை கிடைத்ததாலேயே விடுதியில் இடம் கோர முடியாது, இருப்பைப் பொறுத்து வழங்கப்படும், முந்தி வருவோருக்கு முன்னுரிமை.

பந்தியில் உட்கார வைத்துவிட்டு, இலை இருந்தால் போடுவோம் என்று சொல்கிற கதை இது. வெளியூரிலிருந்து, அதிலும் வெளிமாநிலத்திலிருந்து போகிற பிள்ளைக்குக் கட்டில் இல்லாத சீட்டு அரைச் சீட்டுதான் என்பது என் கட்சி. அரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு முழுச் சீட்டு கொடுத்ததாகக் கணக்கெழுதிக் கொள்கிறார்கள். பிள்ளை வந்து சேராவிட்டால் "இடம் கொடுத்தோம், அவர்தான் வரவில்லை" என்று கோப்பை மூடுகிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம்.

ஊரில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் என்பதால் இந்த விவகாரம் எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் தெரியும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-இலிருந்து கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தபிறகு, முன்பு வெளிமாநிலம் என்ற நினைப்பே இல்லாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தறி நெய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன். வரலாறு படிக்க ஆசை. வேறொரு மாநிலத்தில் நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் வந்தது. சேர்க்கைக் கட்டணம் ஒன்றும் மலைக்கிற தொகை இல்லை, கட்டினார்கள். அடுத்த வாரம் விடுதிக்கான இணைப்பு காலை பத்து மணிக்குத் திறந்தது. வைப்புத் தொகை, மெஸ் முன்பணம், அறைக் கட்டணம், எல்லாவற்றையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். கட்டியவருக்குக் கட்டில்.

நெசவாளிக்குப் பணம் மாதச் சம்பளமாக வராது. சேலையை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தால்தான் கூலி. அன்றைக்குச் சேலை தறியில் பாதியில் இருந்தது. அம்மாவின் கம்மலையும் செயினையும் எடுத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போனார்கள். வங்கியும் பத்து மணிக்குத்தான் திறக்கிறது. நகை மதிப்பீட்டாளர் வந்து உரசிப் பார்த்து, எடை போட்டு, கையெழுத்து வாங்கி, பணம் கணக்கில் விழும்போது மதியம் கடந்துவிட்டது. செல்போன் திரையில் "இடங்கள் நிரம்பிவிட்டன" என்று வந்திருந்தது. பையன் போனான். ஊருக்கு வெளியே ஒரு அறையில் ஐந்து பேரோடு தங்கினான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அவனுடைய மாற்றுச் சான்றிதழில் விலகியதற்கான காரணம் "சொந்தக் காரணம்" என்று இருக்கிறது.

முந்தி வருவோருக்கு முன்னுரிமை என்பதை நியாயத்தின் மறுபெயராகவே நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வரிசை என்றால் யாருக்கும் பாரபட்சம் இல்லையே என்கிறார்கள். பேருந்துக்கு நிற்கிற வரிசையில் எல்லோரும் ஒரே நடைமேடையில்தான் நிற்கிறார்கள். விடுதி இணைப்பில் ஒருவர் கையில் கடன் அட்டையோடு நிற்கிறார், இன்னொருவர் கம்மலோடு நிற்கிறார். பத்து மணிக்குத் திறக்கிற இணைப்பு அளப்பது அன்றைக்குக் காலையில் யார் வங்கிக் கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருந்தது என்பதை. தேவையை அது அளக்கவே இல்லை.

வரிசைக்கு மாற்றாகச் சிலர் மதிப்பெண் என்கிறார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. மதிப்பெண்ணை வைத்துத்தான் ஏற்கெனவே சீட்டு கொடுத்தீர்கள். அதே மதிப்பெண்ணை மறுபடி எடுத்துக் கட்டிலுக்கும் வைத்தால் ஒரே அளவுகோலால் இரண்டு முறை அடிக்கிறீர்கள். கடைசி சீட்டைப் பிடித்தவன்தான் பெரும்பாலும் தொலைதூரத்திலிருந்து, பயிற்சி வகுப்பு வாசலை மிதிக்காமல் வந்தவன். அவனுக்குத்தான் கட்டில் முதலில் வேண்டும்.

பங்கிடுவது எப்படி என்று யோசிக்க நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, உத்திரமேரூர் வரை போனால் போதும். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, சபை முன்னால் ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. ஜனநாயகம், ஜனநாயகம் என்று மேடைதோறும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் குலுக்கலுக்கு முன்னால் ஒரு சல்லடை இருந்ததே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்குத் தகுதிகளை முதலில் ஊரறியக் கல்லில் வெட்டினார்கள். வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும். வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. (விடுதி மெஸ் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி விதியை ஒருமுறை படிக்கலாம்.)

அந்தத் தகுதிகள் நிலமும் வீடும் உள்ளவனுக்குச் சாதகமானவை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தலைகீழாக்கச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் வீடு இல்லாதவன் யார், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறான், வீட்டு வருமானம் என்ன, குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருகிறானா என்பவற்றை முதலில் பட்டியலாக வெளியிட வேண்டும். தகுதி சமமாக இருப்பவர்களுக்குள் குலுக்கல் போடலாம். பணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஓலையும் குடமும் வைத்துச் செய்ததைக் கணினி வைத்துச் செய்ய முடியாது என்று சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

இந்த அளவுகோல்கள் என் கற்பனை இல்லை. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் ஏற்கெனவே இருப்பவைதான். ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்திக் குறிப்பு வருகிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மிகக் கூடாது. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் குறைந்தது எட்டு கிலோமீட்டர் இருக்க வேண்டும். இந்தத் தூர விதி மாணவியருக்குப் பொருந்தாது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் ஐந்து இடம் தனியாக உண்டு. தூரம், வறுமை, வேரற்ற நிலை என்ற மூன்றையும் கணக்கில் எடுக்க அரசு அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. வேந்தரும் துணைவேந்தரும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

அடுத்த வாதம், வெளியே ரூம் எடுத்துக்கொள்ளலாமே என்பது. இதைச் சொல்கிறவர்கள் அண்மையில் ரூம் தேடியதில்லை என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதுப் பையன், மொழி தெரியாத ஊர், கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும், கூட வந்த அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு ரயில். இந்த இரண்டு நாளில் புரோக்கரைப் பார்த்து, பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, "பேச்சலருக்குத் தர்றதில்லை", "அசைவம் சமைக்கக் கூடாது", "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விகளைத் தாண்டி ஒரு அறை பிடிக்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பல்கலைக்கழக விடுதி இடம் மறுக்க முடியாது, சட்டம் தடுக்கும். தெருவில் வீட்டுக்காரர் கேட்பார், பதிலைப் பொறுத்து அறை இருக்கும் அல்லது போயிருக்கும். பிள்ளையை வெளியே அனுப்புகிற நிறுவனம் அவனை இந்தக் கேள்வியிடம்தான் அனுப்புகிறது. இடஒதுக்கீட்டில் சீட்டு கொடுத்துவிட்டு, இடஒதுக்கீட்டைத் தேவையாக்கிய அதே சமூகத்தின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்குப் பெயர் சேர்க்கையா?

தனியார் விடுதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவரும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்குகிற விடுதி வீடா, ஓட்டலா என்று வரித்துறைக்கே சில வருஷமாகக் குழப்பம். ஓட்டல் மாதிரித்தான், ஜிஎஸ்டி கட்டு என்றார்கள். பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கே தங்குகிறவர்கள் அதை வீடாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி விலக்குக் கொடுத்தது. அந்த ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும், தொடர்ந்து தொண்ணூறு நாள் தங்கினால், மாதம் இருபதாயிரம் ரூபாய் வரை வரி இல்லை என்று முடிவெடுத்தது. நீதிமன்றமும் கவுன்சிலும் ஒப்புக்கொண்ட ஒன்றை, அதாவது படிக்கிற பிள்ளைக்கு விடுதிதான் வீடு என்பதை, கல்வி நிறுவனங்கள் மட்டும் கூடுதல் வசதி என்ற தலைப்பில் நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பக்கத்தில் போட்டுவைத்திருக்கின்றன.

சரி, இவ்வளவு கஷ்டம் எதற்கு, பக்கத்திலேயே படிக்கலாமே? எங்கள் பகுதியில் மிக வலுவான வாதம் இதுதான். வலுவாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை வரைக்கும் சாலையின் இருபுறமும் கல்லூரிகள். மஞ்சள் பேருந்து ஊர் எல்லையிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ், ராத்திரிக்கு வீட்டுச் சோறு. செலவும் தெரிந்த செலவு. இதை விட்டுவிட்டு ஏன் ஆயிரம் மைலுக்கு அப்பால்?

அந்தக் கல்லூரிகளை நான் பழிக்கவில்லை. அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறைய. ஆனால் மஞ்சள் பேருந்து போகிற இடத்தில் என்ன பாடம் இருக்கிறதோ அதுதான் உன் ஆசை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கும், அதன் நான்கைந்து பெயர் மாற்றங்கள் இருக்கும். தொல்லியல் படிக்கவேண்டும் என்றால், மொழியியல் படிக்கவேண்டும் என்றால், பேருந்து அங்கே போகாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் முதலில், ஊர் பிறகு. எங்கள் பிள்ளைக்கு ஊர் முதலில், பேருந்துத் தடம் பிறகு, பாடம் கடைசியில்.

கூரத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளூரிலேயே படி என்று சொல்வது ஒருவகையில் வேடிக்கையும்கூட. இந்த ஊர் பெயர் பெற்றதே படிக்க வெளியூர் போன ஒருவரால்தான். கூரத்தாழ்வான் இங்கே பெரிய செல்வந்தர். அவர் வீட்டு வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அத்தனையும் விட்டுவிட்டு இராமானுசரிடம் கற்கத் திருவரங்கம் போனார். வழியில் காட்டுப் பாதையில் கூட வந்த மனைவி ஆண்டாள் பயந்தாராம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று விசாரித்தால், அவர் சாப்பிடுவதற்காக ஒரு பொன் வட்டிலை அம்மையார் எடுத்து வந்திருக்கிறார். வாங்கி வீசி எறிந்தார் ஆழ்வான். திருவரங்கத்தில் மடம் இருந்தது, சோறு இருந்தது, எறிந்துவிட்டுப் போகலாம். இன்றைக்கு வெளியூர் போகிற பிள்ளைக்கு மடியில் கனமில்லாவிட்டால்தான் வழியெல்லாம் பயம்.

காஞ்சிக்குப் படிக்க வந்தவர்களின் கதையும் இருக்கிறது. கர்நாடகத்தில் இன்றைய சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுந்தா கல்வெட்டு ஒரு வெளிமாநில மாணவனைப் பற்றிச் சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மனோடு காஞ்சிக் கடிகை என்ற உயர்கல்விக் கூடத்துக்குப் படிக்க வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானப்பட்டவன் படிப்பை விட்டுவிட்டுப் போய் வாளெடுத்தான், கடம்ப அரசை நிறுவினான். வெளியூர் மாணவனை உள்ளூர் ஆள் மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர்க் கடிகையின் உதாரணம் இது. எல்லோரும் ராஜ்யம் அமைத்துவிடுவதில்லை, பெரும்பாலோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள்.

பெண் பிள்ளை விஷயத்தில் 'பக்கத்திலேயே படி' இன்னும் அழுத்தமாக ஒலிக்கும். வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். வீட்டில் இருந்து படிக்கிற பெண்ணின் ஒருநாளைப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம், தண்ணீர் பிடிப்பது, தம்பிக்குச் சாப்பாடு, ஆறேமுக்காலுக்குப் பேருந்து. மாலை ஆறரைக்கு வீடு. அதன்பிறகு பாத்திரம். புத்தகத்தைத் திறக்கும்போது மணி ஒன்பதரை, கண் இழுக்கிறது. இரண்டாம் வருஷத்தில் தரகர் ஜாதகத்தோடு வந்துவிடுவார், பெண் வீட்டிலேயே இருக்கிறாளே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு மாலை ஆறரை என்பது நூலகம் திறந்திருக்கிற நேரம். பெண்களுக்கு எட்டு கிலோமீட்டர் விதி கிடையாது என்று அரசில் விலக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு இது தெரிந்திருக்கிறது. வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஒரு பெண்ணுக்குப் படிப்பிலிருந்து அது வெகுதூரமாக இருக்க முடியும். பெண்கள் விடுதிகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரவு ஏழு மணிக்கே கதவைப் பூட்டிவிட்டு ஆண்கள் விடுதிக்கு மட்டும் பத்து மணி வரை திறந்துவைக்கிற கூத்தெல்லாம் உண்டு. அது விடுதியைத் திருத்தச் சொல்கிற காரணம். விடுதியே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

தங்குமிடம் படிப்பின் பகுதி என்பது ஏதோ புதிய கோரிக்கை மாதிரிப் பேசுகிறார்கள். வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலுக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு, 1060-களின் பிற்பகுதியில் வெட்டியது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் படித்தவர்களும் துறவிகளுமாகச் சுமார் அறுபது பேருக்கான கல்விச்சாலை. ஆசிரியருக்கு இவ்வளவு நெல் என்று எழுதினவர்கள் அதோடு நிற்கவில்லை. மாணவருக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்குத் தலைக்கு எண்ணெய் என்று வரிவரியாகச் செலவெழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பதினைந்து படுக்கை உள்ள மருத்துவமனை, வீரசோழன் என்று பெயர். வைத்தியர், அறுவை செய்கிறவர், பணிப்பெண்கள், மருந்துகளின் பட்டியல். சனிக்கிழமை எண்ணெய் வரை யோசித்தவர்கள் "இருப்பைப் பொறுத்து" என்று எழுதவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார், அந்தப் பாயில் படுத்தவர்கள் யார் என்று. நியாயமான கேள்வி. வேதம் படிக்கிற பிராமணப் பிள்ளைகளுக்கான பாய் அது. நெல் அளந்த ஊர்களில் உழுதவன் பிள்ளைக்கு அங்கே நிற்கவும் இடமில்லை. என் வாதத்துக்கு இது எதிராக இல்லை, இன்னும் வலுச் சேர்க்கிறது. யாருக்குப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு சமூகம் உண்மையாக நினைத்ததோ, அவர்களுக்குப் பாயும் விளக்கும் சேர்த்தே கொடுத்தது. யாரைச் சேர்க்க மனமில்லையோ அவர்களுக்குத்தான் தங்குமிடம் உன் பாடு என்றது.

நம் அரசியலையே ஒரு விடுதிப் பந்தி திருப்பிப் போட்டிருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தபோது, காங்கிரஸ் நிதி கொடுத்த நிறுவனத்தில் இப்படியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். அந்தச் சூடு ஆறும் முன்பே 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு. திரு.வி.க. தலைமை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கவில்லை, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். குருகுலத்தைப் பற்றிய புகாரின் மையம் பாடம் இல்லை, சாப்பாட்டு இடம். எங்கே தூங்குகிறோம், யாரோடு உண்கிறோம் என்பது கல்விக்கு வெளியே உள்ள விஷயம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பெரியார் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கச் சிரமம் இல்லை.

அதனால்தான் நல விடுதிகளைச் சாதி விடுதிகள் என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த விடுதிகள் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை வாத்தியார்களும் தாசில்தார்களும் கிடையாது. 2025 ஜூலையில் 2,700-க்கும் மேற்பட்ட அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். நல்லது. பெயர்ப் பலகைக்குக் கீழே ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் துறை, தனித்தனிக் கட்டடம் என்பது அப்படியே இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. 2023-இல் கல்லூரி மாணவரின் உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். காஞ்சிபுரத்தில் ஒரு சாதாரண ஓட்டலில் ஐம்பது ரூபாய்க்கு ஒருவேளைச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம்.

பணத்துக்கு வருவோம். எல்லோருக்கும் கட்டில் என்றால் அரசிடம் காசு ஏது என்பார்கள். 2019-இல் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது நாடே இந்தக் கேள்வியைக் கேட்டது. மாதம் இருபது ரூபாயாக இருந்த ஒற்றை அறை வாடகையை அறுநூறாக ஆக்க முனைந்தார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வரி கட்டுகிறவன் பணத்தில் இருபது ரூபாய்க்கு அறையா என்று தொலைக்காட்சிகள் கத்தின. மெஸ் செலவை மாணவர்களே கட்டுகிறார்கள் என்பதையும், பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட வழக்கம் அங்கே இருந்ததையும், அப்படிச் சேர்த்தவர்களை அந்த இருபது ரூபாய்தான் தாங்கிப் பிடித்தது என்பதையும் யாரும் கத்திச் சொல்லவில்லை. அதே வரிப்பணத்தில் சென்னை ஐஐடி நடக்கிறது. அங்கே சீட்டு கிடைத்தால் கட்டிலும் கூடவே வருகிறது, காவேரி, நர்மதா, தாமிரபரணி என்று நதிப் பெயர் வைத்த விடுதிகளில். விடுதி இடம் உண்டா என்று ஐஐடி மாணவனின் தகப்பன் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. நாட்டுக்கு முக்கியம் என்று நினைக்கிற படிப்புக்கு விடுதி தானாக வந்துவிடுகிறது. வரலாறு படிக்கிறவனுக்கு மட்டும் இருப்பைப் பொறுத்து.

இலங்கையைப் பாருங்கள். பணக்கார நாடாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் ஐம்பதுகளில் பேராதனையில் பல்கலைக்கழகத்தை எழுப்பியபோது, தங்கிப் படிக்கும் வளாகமாகவே ஐவர் ஜென்னிங்ஸ் அதைத் திட்டமிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலை ஏறிப் போன பிள்ளைகள் அருணாசலம் விடுதியிலும் இராமநாதன் விடுதியிலும் தங்கிப் படித்தார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள் குறித்த தேதிக்குள் விண்ணப்பித்த முதலாண்டு மாணவருக்கு விடுதி உறுதி என்று எழுத்தில் கொடுக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், அரசின் தொழில் நிறுவனமான சிப்காட் ஒரு குடியிருப்பைக் கட்டியிருக்கிறது. 706 கோடி ரூபாய். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அது வந்த கதையும் ஊருக்குத் தெரியும். 2021 டிசம்பரில், ஐபோன் சேர்க்கிற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட சாப்பாடு, பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை நின்றது, உலகமெங்கும் செய்தியானது. ஐபோன் வெளியே வர வேண்டும் என்றால் அதைச் சேர்க்கிற கைக்கு நல்ல படுக்கையும் சோறும் வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தொழிலாளிக்குத் தங்குமிடம் உற்பத்தியின் பகுதி என்று அரசு ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததில் எனக்கு முழுச் சந்தோஷம், அவர்களில் எங்கள் பக்கத்துப் பெண்களும் உண்டு. நான் கேட்பதெல்லாம், அதே பெண் ஆலைக்குப் போகாமல் எம்.ஏ. படிக்கப் போனால் அவளுடைய கட்டில் ஏன் சில்லறை விஷயமாகிவிடுகிறது என்பதுதான். காசு இல்லை என்ற பதில் வல்லம் வடகாலைத் தாண்டி வராது.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வருத்தப்படட்டும், விண்ணப்பமும் போடட்டும். உள்ளூர் என்றால் என்ன என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்காமல், கல்லூரி வாசலில் இறங்குவதற்கு எத்தனை மணி நேரம், எத்தனை பேருந்து மாற வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு அளக்கட்டும். மூன்று பேருந்து மாறி வருகிற உள்ளூர்ப் பெண்ணுக்கும் கட்டில் கிடைக்க வேண்டும். கார் வந்து இறக்கிவிட்டுப் போகிறவர் பெயர் ஓலையில் கடைசியாக இருந்தால் குடம் ஒன்றும் உடைந்துவிடாது. இந்த அளவையெல்லாம் எடுக்கப் பல்கலைக்கழகத்துக்குப் புதிய ஆணையம் தேவையில்லை. சேர்க்கை விண்ணப்பத்திலேயே வீட்டு முகவரியும் குடும்ப வருமானமும் இருக்கின்றன. சேர்க்கைக் கடிதத்தின் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: விடுதியின் பெயர், அறை எண், கட்டில் எண். தர முடியாவிட்டால், கட்டில் தரும் வரை மாதம் இவ்வளவு தங்குபடி என்று ஒரு தொகை. அதையும் எழுத முடியாவிட்டால் எத்தனை கட்டில் இருக்கிறதோ அத்தனை வெளியூர்ச் சீட்டுதான் எங்களிடம் இருக்கிறது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். நாங்கள் விண்ணப்பக் கட்டணத்தையாவது மிச்சம் பிடிப்போம்.